மாட்டுக் கொட்டகையில் ஒரு மின்வண்டி

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு வயது முப்பத்து மூன்று. இன்று காலையிலும் அதில்தான் பேருந்து நிறுத்தம் வரை வந்தேன். மற்றொன்றுக்கு இன்னும் ஐந்து வயது நிறையவில்லை. அது ஓடி ஓராண்டுக்கு மேலாகிறது. மாட்டுக் கொட்டகையின் மூலையில் சாக்குப் போர்த்தியபடி நிற்கிறது. மூத்தது என் அம்மாயியின் சைக்கிள். இளையது என் அப்பா வாங்கிய மின்சார ஸ்கூட்டர்.

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்கள் கேட்டபோது, நிலவைப் பற்றி ஒரு கவிதை எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். ஆனால் நிலவைப் பற்றி எழுத நம் கல்லூரியில் ஆண்டுதோறும் இருபது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். ஆகவே அதை அவர்களுக்கே விட்டுவிட்டு இந்தக் கொட்டகை வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தேன். இயற்பியல் மாணவன் எழுதும் கட்டுரையில் இலக்கிய நயம் குறைவாயிருப்பின் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் சைக்கிளைச் சொல்லிவிடுகிறேன். 1991-ஆம் ஆண்டு நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியதையும், அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுக்க முனைந்ததையும் நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். பல்லாயிரம் பெண்கள் அந்த ஓரிரு ஆண்டுகளில் சைக்கிள் ஏறினார்கள். குடுமியான்மலைப் பக்கம் கல் உடைத்துக்கொண்டிருந்த என் அம்மாயியும் அவர்களில் ஒருவர். 1992-இல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கினார். ஏன் அப்படி என்று கேட்டால், "லேடிஸ் வண்டி கெடைக்கல, கெடைச்சாலும் வெல கூட. பாரு இருந்தாத்தானே ஒங்கம்மாவ முன்னாடி ஒக்கார வச்சுக்கிட்டுப் பின்னாடி தண்ணிக் கொடத்தக் கட்டலாம்?" என்பார்.

அந்தச் சைக்கிளில் இன்று பழையதாக எஞ்சியிருப்பவை சட்டமும் பின்பக்க மட்கார்டும் மட்டுமே. ஃப்ரீவீல் நான்கு முறை மாறியிருக்கிறது. சீட்டு மூன்றாவது. ஓர் ஆட்டின்மேல் மோதியதில் முன் ஃபோர்க் வளைந்து புதிதாகப் போட்டார்கள் (ஆட்டுக்கு ஒன்றுமில்லை). டயர், டியூப் கணக்கில் அடங்கா. ஒரு முறையேனும் அம்மாயி அதைச் செய்த கம்பெனியைத் தேடிப் போனதில்லை. அன்னவாசலில் உள்ள சைக்கிள் கடைக்குத்தான் போவார். இருபத்தெட்டு அங்குல டயர் என்றால் எந்த ஊரில் எந்த ஆலையில் செய்ததாக இருந்தாலும் அந்த ரிம்மில் உட்காரும். அம்மாயிக்கு இது ஓர் அதிசயமாகத் தோன்றியதே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அப்பாவின் வண்டி நிற்கும் வரையில்.

என் அப்பா பால் எடுப்பவர். காலையும் மாலையும் எட்டு வீட்டுப் பாலைக் கறந்து வாங்கி, இருபது லிட்டர் கேன் இரண்டில் நிரப்பி, சில கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஊற்றுவார். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. நெடுநாள் ஒரு பழைய டி.வி.எஸ். ஐம்பதுதான் அவருக்குக் கைகொடுத்தது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன காலத்தில், 2021 பொங்கலுக்கு முன்பு, மின்சார ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாத, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத வகை. விலை 68,000 ரூபாய். அம்மா தம் மகளிர் குழுவில் 50,000 கடன் எடுத்தார். ஒரு கிடாரிக் கன்றை விற்று மீதியைக் கட்டினோம். டி.வி.எஸ். ஐம்பது 9,000 ரூபாய்க்குப் போயிற்று. அது போன அன்று அப்பா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

முதலிரண்டு ஆண்டுகள் அப்பாவைப்போல் மகிழ்ச்சியான மனிதர் எங்கள் ஊரில் இல்லை என்று கூறின் மிகையாகாது. பேட்டரி முழுவதும் ஏற இரண்டு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே பிடித்தது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதால் ஆகும் செலவு கண்ணுக்கே தெரியவில்லை. அந்த ஆண்டின் நடுவில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியபோது, டீக்கடையில் உட்கார்ந்து ஊர் முழுவதற்கும் மின்வண்டியைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் அதே வண்டியை வாங்கவும் செய்தார்கள். இதை நினைத்துத்தான் பின்னால் அவர் மிகவும் கூசினார்.

2023 கோடையில் முதல் அறிகுறி தெரிந்தது. அறுபது கிலோமீட்டர் ஓடிய வண்டி நாற்பத்தைந்தில் களைத்தது. கடைக்காரர்கள் சார்ஜரை மாற்றிக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு முப்பது, பிறகு இருபத்தைந்து. அதற்குள் பேட்டரிக்குக் கொடுத்த மூன்றாண்டு உறுதி முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், அன்னவாசலுக்கு இரண்டு கிலோமீட்டர் இப்பால் வண்டி நின்றது. முன்னால் உள்ள சிறு திரையில் ஏதோ ஓர் எண் மின்னிக்கொண்டே இருந்ததாம். அதன் பொருளைச் சொல்லும் புத்தகம் எங்களிடம் இல்லை. நாற்பது லிட்டர் பாலோடு அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். அன்றைய பாலில் பாதி திரிந்து போயிற்று. எட்டு வீட்டுக்கும் அப்பா தம் கையிலிருந்து பணம் கொடுத்தார்.

மறுநாள் நானும் அவரும் புதுக்கோட்டைக்கு வந்தோம். ஸ்கூட்டர் விற்ற கடை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை இருந்தது. மேலே பெயர்ப்பலகையின் இரும்புச் சட்டம் மட்டும் பழையபடி இருந்தது. அதில் கோழியின் படம் ஒட்டியிருந்தார்கள். கம்பெனியின் தொலைபேசி எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் மும்மொழியில் கூறியது. அப்பா பழைய கால மனிதர். பதிவுத் தபால் என்றால் மறுமொழி வராமல் போகாது என்று நம்புகிறவர். என்னை எழுதச் சொல்லி, கையெழுத்திட்டு, கம்பெனியின் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினார். பதினைந்து நாளில் அது பெறுநர் இல்லையென்று எங்களிடமே திரும்பி வந்தது. அந்த உறையை அவர் இன்றும் பீரோவில் வைத்திருக்கிறார்.

வேறொரு கம்பெனியின் கடையில் கேட்டோம். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "அண்ணே, எங்க பேட்டரி இதுல உக்காராது. உக்கார வச்சாலும் வண்டி ஏத்துக்காது" என்றார். ஏற்றுக்கொள்ளாது என்றால் என்ன பொருள் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

புரிந்தது திருச்சியில். நண்பர் ஒருவர் சொல்லி, பேட்டரிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றுக்குப் பேட்டரியை மட்டும் எடுத்துச் சென்றேன். பதினைந்து கிலோவுக்குக் குறையாத அந்தப் பெட்டியைப் பேருந்தில் ஏற்ற நடத்துநர் முதலில் இசையவில்லை. தையல் இயந்திரம் என்று பொய் சொன்னேன். இப்போது எண்ணிப் பார்க்கையில் அது தவறு என்று உணர்கிறேன். பழுதான லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அதைப் பயணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுசென்றிருக்கக் கூடாது.

பட்டறைக்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே நம் டார்ச் விளக்குச் செல்லைப்போல, அதைவிடச் சற்று நீண்ட உருளைகள், மொத்தம் 192. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பக்க இணைப்பில் கோத்து, அவ்வாறான பதினாறு வரிசைகளைத் தொடர் இணைப்பில் கட்டியிருந்தார்கள். பள்ளியில் படித்த தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் என் கண்முன் அப்படியே நின்றன. ஒவ்வொரு வரிசையாக மீட்டரை வைத்தார். பதினான்கு வரிசைகள் ஓரளவு நன்றாகவே இருந்தன. இரண்டுதான் கெட்டிருந்தன. அந்த இருபத்து நான்கு செல்களையும் மாற்றினார். பின்னும் பேட்டரி உயிர் பெறவில்லை. செல்களைக் காவல் காக்கும் மின்னணுப் பலகை ஒன்று உள்ளே இருக்கிறது. எந்த வரிசையாவது அளவு மீறித் தாழ்ந்தால் அது மொத்தத்தையும் பூட்டிவிடும். அவ்வாறு பூட்டுவது நல்லதற்கே. ஆனால் எங்கள் வண்டியில் அந்தப் பூட்டைத் திறக்கும் மென்பொருள் கம்பெனியிடம் மட்டுமே இருந்தது.

வேறு பலகை ஒன்றைப் பொருத்தினார். பேட்டரி மின்சாரம் கொடுத்தது. அதற்கடுத்த வாரம் வண்டியையும் சரக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். பேட்டரியை மாட்டினோம். மோட்டார் சுழலவில்லை. வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி பழைய பலகையிடம் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் அடையாளச் சொல்லைக் கேட்குமாம். புதிய பலகைக்கு அந்தச் சொல் தெரியாது. கட்டுப்பாட்டுக் கருவி, திரை, சார்ஜர் மூன்றையும் மாற்றினால் ஓட்டிவிடலாம், 24,000 ரூபாய் ஆகும் என்றார் அவர். "மோட்டார் இன்னும் பத்து வருசம் ஓடும் தம்பி. செல்லும் முக்காவாசி நல்லாத்தான் இருக்கு. சாவிதான் தொலஞ்சு போச்சு" என்றார்.

அப்பா வேண்டாமென்றுவிட்டார். 22,000 ரூபாயில் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்றை வாங்கினார்.

இத்துடன் கதை முடிந்திருக்கும். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. பேட்டரி ஏன் நாலாண்டுக்குள் சாக வேண்டும்? ஏமாற்றிவிட்டார்களா? இந்தக் கேள்வியோடு இருந்தபோது நம் துறைப் பேராசிரியர் எங்களைக் காரைக்குடிக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நாம் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடம். வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. பேட்டரியை ஆராயும் நாட்டின் முதன்மையான ஆய்வகம் நம் பக்கத்து ஊரில் இருப்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

பேட்டரி இரண்டு வகையாக மூப்படைகிறது என்பதை அந்தப் பயணத்துக்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெளிந்தேன். ஒன்று உழைத்துத் தேய்வது. செல்லுக்குள் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்புவதே மின்னேற்றமும் மின்னிறக்கமும். ஒவ்வொரு போக்குவரத்திலும் சிறிதளவு லித்தியம் மின்முனையின் மேல் படலமாகப் படிந்து திரும்பாமலேயே தங்கிவிடுகிறது. எங்கள் வண்டியில் இருந்ததைப் போன்ற செல்கள் ஐந்நூறு முதல் ஆயிரம் முறை ஏற்றியிறக்கியதும் தம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது வழக்கம். அப்பா நாள்தோறும் ஏற்றினார். மூன்றே முக்கால் ஆண்டில் ஆயிரத்து முந்நூறு முறைக்கு மேலாகிறது. ஆக, பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டே செத்திருக்கிறது, ஏமாற்று ஒன்றுமில்லை. இரும்பு பாஸ்பேட் வகைச் செல்லாயிருந்தால் இன்னும் இரட்டிப்பு நாள் தாங்கியிருக்கும். அதையெல்லாம் கேட்டு வாங்க எங்களுக்கு அப்போது தெரியாது.

மற்றொன்று சும்மா இருந்தே மூப்பது. ஓட்டாமல் வைத்திருந்தாலும் அந்தப் படலம் வளர்கிறது. வெப்பம் மிகுந்தால் விரைவாக வளர்கிறது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 2012-இல் நிஸான் லீஃப் கார்க்காரர்கள் இதைத்தான் கண்டார்கள். காற்றினால் மட்டுமே குளிர்ந்த அந்தக் கார்களின் பேட்டரி, குளிர்நாட்டுக் கார்களைவிட வெகு சீக்கிரம் சுருங்கியது. நிறுவனம் பின்னர் கொள்ளளவுக்கும் உறுதி வழங்க வேண்டியதாயிற்று. அரிசோனாவுக்கும் நம் மே மாதத்துக்கும் என்ன பெரிய வேறுபாடு? போதாததற்கு அப்பா, உச்சி வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி உடனே சார்ஜரைச் செருகுவார். இதை நான் சொன்னபோது, "இத வாங்கும்போதே ஒருத்தன் சொல்லியிருந்தா வேப்ப மரத்தடியில நிறுத்தியிருப்பேனே" என்றார்.

சும்மா இருந்தே மூக்கும் இந்தச் செய்திதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் என்ற கம்பெனி இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்தது. 1988-இல் கதவடைத்தது. ஆயினும் ஹெரால்டு கார்களைப் பேணி ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காரணம், பழைய பிஸ்டன் ஒன்று புதுப்பேட்டையில் ஏதோ ஒரு கடையின் மூலையில் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி முப்பதாண்டு கிடந்தாலும் பிஸ்டனாகவே இருக்கும். கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். பேட்டரியை அப்படிச் சேமித்துவைக்க இயலாது. 2021-இல் செய்த பேட்டரியைப் பெட்டி பிரிக்காமல் 2031 வரை வைத்திருந்து கொடுத்தாலும் அது பழைய பேட்டரியே. ஆகவே மின்வண்டிக்கு உதிரிபாகம் தருவதென்றால், வண்டி விற்பனையாகி முடிந்த பிறகும் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் அந்தப் பேட்டரியைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அல்லது வேறொருவர் செய்வது அதில் பொருந்த வேண்டும். அம்மாயியின் ரிம்மில் எவருடைய டயரும் பொருந்துவது போல.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. பெங்களூரில் மைனி குழுமத்தினர் செய்த ரேவா என்னும் சின்ன மின்கார் 2001-இல் விற்பனைக்கு வந்தது. சேத்தன் மைனி என்ற பொறியியல் வல்லுநரின் முயற்சி அது. லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. ஆறு வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் எட்டு; ஒருமுறை ஏற்றினால் எண்பது கிலோமீட்டர் என்பது அவர்கள் கணக்கு. மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை பேட்டரித் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. 2010-இல் மகிந்திரா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2013-இல் ஈ-டூ-ஓ, 2016-இல் அதன் நான்கு கதவு வடிவம். 2019-இல் அதுவும் நின்றது. பழைய ரேவாவுக்கு ஒரு நன்மை இருந்தது. அதன் பேட்டரி தரத்தில் குறைந்தது. ஆனால் ஆறு வோல்ட் ஈய-அமில பேட்டரியை எவரும் செய்யலாம், எவரும் மாட்டலாம். இங்கிலாந்தில் சில ஆர்வலர்கள் அந்தக் காரில் தாங்களே லித்தியம் செல்களைப் பொருத்தி ஓட்டினார்கள். இன்றைய பேட்டரி எல்லா வகையிலும் மேலானது. ஆனால் தன் வீட்டாரைத் தவிர யாரிடமும் பேசாது!

பெரிய நிறுவனமென்றால் கைவிடாது என்றும் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் 1999 வரை ஈ.வி.-1 என்ற மின்காரை 1,117 எண்ணிக்கையில் செய்தது. விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தது. பின்னர் எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, அருங்காட்சியகங்களுக்குச் சிலவற்றைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை நசுக்கிவிட்டது. உதிரிபாகம் தொடர்ந்து கிடைக்காது என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னது. ஓட்டியவர்கள் பணம் தருகிறோம், எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்று கெஞ்சியும் பயனில்லை. 2024 ஜூனில் ஃபிஸ்கர் என்ற மற்றோர் அமெரிக்க நிறுவனம் திவாலானபோது, அதன் கார்களை வாங்கியிருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, உதிரிபாகங்களையும் மென்பொருளையும் தாங்களே தேடத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் மின் இருசக்கர வண்டி விற்பனையில் ஒரு காலத்தில் முன்னணியில் இருந்த ஹீரோ எலெக்ட்ரிக் மீது 2024 டிசம்பரில் திவால் நடவடிக்கை தொடங்கியது. (எங்கள் கொட்டகையில் நிற்பது அவர்களுடைய வண்டி அல்ல.) இதையெல்லாம் நான் சொன்னபோது அப்பா நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அமெரிக்காக்காரனுக்கே இந்தக் கதியா?" என்றார். அவர் முகத்தில் சற்றே ஆறுதல் தெரிந்தது.

இப்போது பல நிறுவனங்கள் பேட்டரிக்கு எட்டாண்டு உறுதி தருகின்றன. வரவேற்க வேண்டியதே. எனினும் நம் நாட்டில் ஒரு சொந்த வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே உள்ள ஏழாண்டுக்கு யார் பொறுப்பு? அந்த எட்டாண்டு உறுதியும் கொடுத்தவர் கடையில் இருக்கும் வரையில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2023-இல் இதற்கென ஒரு சட்டம் செய்தார்கள். சிறு மின்வண்டிகளின் பேட்டரியை, அதன் உள்ளே உள்ள செல் உட்பட, கம்பெனியைச் சாராத தொழில் வல்லுநரும் கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும். கடைசி வண்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டு மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரியிலிருந்து நடைமுறை என்று அச்சட்டத்தில் தேதி குறித்திருக்கிறார்கள். நம் நடுவண் அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வண்டிகளும் அதில் அடங்கும். எங்கள் கம்பெனியின் பெயரை அதில் தேடினேன். இல்லை.

கணக்கில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு எழுபது ரூபாய் பெட்ரோல் மிச்சமென்று வைத்தாலும் மூன்றே முக்கால் ஆண்டில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் வருகிறது. வண்டி தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. அம்மாவும் குழுக் கடனை 2022 முடிவதற்குள் அடைத்துவிட்டார். அப்படியிருக்க ஏன் வருந்த வேண்டும் என்று அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மாடு வாங்குறோம். பல்லப் புடிச்சுப் பாத்து இது இன்னும் ஆறு ஈத்து ஈனும், அப்புறம் அடிமாடுன்னு தெரிஞ்சுதான் வாங்குறோம். அதுக்குத் தக்கன கன்னுக்குட்டிய வளக்குறோம். இதுக்கு நாலு வருசந்தான்னு தெரிஞ்சிருந்தா மாசம் ஐந்நூறு எடுத்து வச்சிருப்பேன்ல? அதத் தெரியாமத்தானே மிச்சமானதையெல்லாம் செலவழிச்சேன்."

திருச்சிப் பட்டறைக்காரர் நல்ல மனிதர். நன்றாயிருந்த செல்களைக் கொண்டு பன்னிரண்டு வோல்ட் பெட்டி ஒன்றைத் தக்க பாதுகாப்புப் பலகையோடு கட்டிக்கொடுத்தார். அதில் கொட்டகையில் இரண்டு விளக்கு எரிகிறது. சென்ற ஐப்பசியில் மின்சாரம் போன ஓர் இரவில் எங்கள் செவலைப் பசு கன்று ஈன்றபோது அந்த வெளிச்சத்தில்தான் அப்பா பிரசவம் பார்த்தார். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து வண்டிக்கு 1,800 ரூபாய் பேசினார். பேட்டரி இல்லை என்றதும் 1,200-க்கு இறங்கினார். அப்பா கொடுக்கவில்லை. அதன் கால் வைக்கும் இடத்தில் அடைகோழி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

சென்ற மாதம் அம்மாவின் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். தையல் வேலைக்காக நாள்தோறும் இலுப்பூர் போய்வருகிறவர். மின்சார ஸ்கூட்டர் வாங்கக் குழுவில் கடன் கேட்டிருக்கிறாராம். "அண்ணே, வாங்கலாமா வேண்டாமா, நீங்க சொன்னாச் சரி" என்றார். அப்பா வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்றே நான் எதிர்பார்த்தேன். அவர் கொட்டகையைக் காட்டவும் இல்லை, புலம்பவும் இல்லை. "ஞாயித்துக்கெழம கடைக்கு நானும் வாறேன் ஆத்தா" என்றார்.

நானும் உடன் போயிருந்தேன். கடையில் இருந்த பையன் வேகம், நிறம், மாதத் தவணை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பேட்டரியை மட்டும் தனியாக வாங்கினால் இன்றைய விலை என்ன, வேறு கம்பெனிப் பேட்டரி இதில் ஓடுமா, எத்தனை தரம் ஏற்றினால் எவ்வளவு குறையும், உங்கள் கடை இல்லாமல் போனால் புதுக்கோட்டையில் வேறு யார் இதைத் திறப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்வதை ரசீதின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமென்றும் சொன்னார். பையன் அப்பாவின் பால் கறை படிந்த வேட்டியை ஒருமுறை பார்த்தான். பிறகு, "கொஞ்சம் உக்காருங்க ஐயா" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே போய் முதலாளியைக் கூட்டிவந்தான்.